உளி யார் கைக்குப் போனது?

செம்மநத்தம் கிராமத்தைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலையில் மரத்துக்குப் பஞ்சமில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு எஸ்டேட்டுகள் பெருகின. நிழலுக்கும் மிளகுக்கொடி படரவும் ஆஸ்திரேலிய சில்வர் ஓக் மரங்கள் நடப்பட்டன. ஆனால் உருட்டுக்கட்டையாக மலையிறங்கும் மரம் கதவாகவும் கட்டிலாகவும் மாறும்போது கூடும் விலை மலைக்குத் திரும்புவதில்லை. மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு எஸ்டேட் தந்ததோ பழம் பறிக்கும், களையெடுக்கும் கூலி வேலைதான். தச்சு அவர்கள் கைக்கு வராததற்கு உடல்வலுக் குறைவைக் காரணம் சொல்வார்கள். விறகுச் சுமையோடு மேடேறும் பெண்களைப் பார்த்தபின் அந்தக் காரணம் நிற்காது. தடை, தொழில் கைமாறிய முறையில் இருந்தது.

தமிழகத்தில் தச்சு பெரும்பாலும் கம்மாளர் பட்டறைகளில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. அந்த வீட்டு மகளுக்கே உளி கிடைக்காதபோது, வேறு சமூகத்துப் பெண்ணுக்குப் பட்டறை வாசல் எப்படித் திறக்கும்? கைவினைஞர்களுக்காக ஒன்றிய அரசு 2023இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், விண்ணப்பிப்பவரின் குடும்பம் பரம்பரையாக அத்தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு எதிர்த்தது நியாயமே. 2025இல் அது தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்துக்குச் சாதி வேலி இல்லை. ஆனாலும் அது 35 வயது கடந்த கைவினைஞர்களுக்கான கடனுதவி. இழைப்புளியைத் தொட்டறியாத இளம்பெண்ணுக்கு முதலில் தேவை கற்கும் இடம்.

கற்றுத்தந்தால் போதுமா என்ற கேள்வி இதைவிட வலுவானது. கேரளத்தின் கோட்டயம் பகுதியில் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையோடு தச்சும் கற்றுத்தந்தது. கற்க முடியும் என்பது அங்கே உறுதியானது. புதுக்கோட்டை வேறொன்றைச் சொல்கிறது. அங்கே பெண்களுக்குக் கல் உடைக்க ஏற்கெனவே தெரியும். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, குவாரிக் குத்தகை அவர்களின் குழுக்களுக்கு வந்த பிறகே வருமானம் உயர்ந்தது. குழுக்களின் பிடி தளர்ந்த இடங்களில் ஒப்பந்ததாரர்கள் திரும்பினார்கள். திறமை பழையதுதான், மாறியது மூலப்பொருளின் மீதான உரிமை. ஆயத்த பிளைவுட் சாமான்களோடு எப்படிப் போட்டியிடுவது என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் உண்டு: மரம் விளையும் இடத்திலேயே அறுத்து இழைத்தால், தரகும் ஏற்றிறக்கக் கூலியும் மிச்சம். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால், அந்த அனுமதியும் பட்டறையும் பெண்கள் குழுவின் பெயரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தச்சு கற்ற பெண்ணும் இன்னொருவர் பட்டறையில் தினக்கூலியாகவே நிற்பாள்.