தோட்டத்துப் பாடல்கள் யாருக்கு உரியவை?

ஹட்டன், நுவரெலியா லயங்களில் மூதாட்டியர் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கைபேசியில் பதிவுசெய்வது இன்று எளிது. அவை நூலாகவோ இறுவட்டாகவோ வெளிவரும்போது 'மரபுப் பாடல்' என்ற ஒரு வரியுடன் பலர் நின்றுவிடுகின்றனர்.

அது போதாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 24ஆம் பிரிவில் நாட்டார் பாடல்களையும் கதைகளையும் ஆடல்களையும் பாதுகாக்கின்றது. வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ அவற்றைக் கையாள்வோர், அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடத்திடம் கட்டணம் செலுத்தி அனுமதி பெறல் வேண்டும். பாடல் எச்சமூகத்திடமிருந்து, அல்லது எவ்விடத்திலிருந்து பெறப்பட்டது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். கட்டணமோ கலாசார மேம்பாட்டுக்கே செல்லும். பாடிய மூதாட்டிக்கு அதில் ஒரு சதமும் உறுதியில்லை. இதனை நாம் சட்டத்தின் குறையாகவே கருதுகின்றோம்.

ஆனால் பாடுவோர் என்ற வகையில் அவருக்குத் தனி உரிமை உண்டு. அவரது இசைவின்றி அவரது குரலைப் பதிவுசெய்தல் ஆகாது. இசைவை எழுத்தில் பெற்று, பெயரையும் தோட்டத்தையும் அவர் விரும்பியவாறு அச்சிடுவதே முறை.

தொகுப்பாளர் உரிமை வேறு. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அவர் 1984இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் உரிமை நீடிப்பதால், அவரது தெரிவையும் ஒழுங்கமைப்பையும் அவ்வாறே மறுபதிப்பிட விரும்புவோர் 2054 வரை உரிமையாளரை நாடவேண்டும். அதே பாடலை வேறொரு தோட்டத்தில் தாமே கேட்டு எழுதியவருக்கு அத்தடை இல்லை.