வால்பாறை: வேலை இருக்கும்வரை வீடு

மலைநகரம் என்றதும் நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் ஞாபகம் வரும். இரண்டும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குத் தப்பிப் போன இடங்கள். ஏரி, படகு, கிளப், பூங்கா. கோடை வந்தால் மெட்ராஸ் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். வால்பாறை அந்த ரகம் இல்லை. ஓய்வெடுக்கக் கட்டிய ஊர் அல்ல அது, வேலை வாங்கக் கட்டிய ஊர். கெலாங் பாத்தாவில், பால்மரம் வெட்டியவர்களின் பேரனாக வளர்ந்த எனக்கு, தமிழ்நாட்டின் மற்ற மலைகளைவிட அந்த ஊர் நெருக்கமாகப் படுவதற்கு அதுதான் காரணம்.

கோவை மாவட்டத்தில் ஆனைமலைத் தொடரின் மேல், சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து போகும் பஸ் ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏறத் தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே புளியமரமும் வறண்ட பாறையும். மேலே போகப் போக மழைக்காடு. அப்புறம் திடீரென்று, சீப்பால் வாரிவிட்ட மாதிரி தேயிலை. இந்தப் பீடபூமியில் சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தோட்டங்கள். சுற்றிலும் புலிகள் காப்பகம் உட்பட அடர்ந்த காடுகள். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. வழியில் வரும் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். உருளிக்கல், நல்லமுடி, அக்காமலை ஒருபக்கம். ஸ்டான்மோர், வாட்டர்ஃபால் இன்னொரு பக்கம். நடுவில் 'ரொட்டிக்கடை' என்றே ஓர் ஊர்.

இந்த மலை காலியாக இருந்த மலை அல்ல. காடர், முதுவர், மலசர், புலையர் எனப் பல பழங்குடிகளின் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்ட பம்பாய்க்குப் போனது. பிறகு காப்பி, அதன்பின் தேயிலை. ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று கார்வர் மார்ஷ் என்ற துரையைச் சொல்வார்கள். கவர்க்கல் பக்கம் ரோட்டோரத்தில், மலையைக் கைகாட்டியபடி அவருக்குச் சிலை உண்டு. அவர் கைகாட்டிய திசையில் காட்டை வெட்டியவர்கள் யார் என்பதுதான் நமக்கான கேள்வி.

அவர்கள் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் தலித்துகள், நிலமற்றவர்கள். ஒரு பஞ்சம், ஒரு கடன், ஊருக்குள் வரும் ஓர் ஆள், கையில் முன்பணம். இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்த்தவரைக் கங்காணி என்றோம். ஆனைமலையில் அவர் மேஸ்திரி. கதை ஒன்றுதான்: சம்பளம் நிறைய, வேலை லேசு, வீடு இலவசம், இரண்டு வருசத்தில் திரும்பிவிடலாம். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் மலைக்கும் அடுத்த வீட்டுக்காரர் மலாயாவுக்கும் போயிருக்க முடியும். எது முதலில் வந்தது என்பதைத் தவிர அதில் தேர்வு ஒன்றும் இருந்திருக்காது.

கடல் தாண்டிப் போனவர்களே அதிகம் சிக்கிக்கொண்டவர்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சட்டங்களைப் படித்தால் படம் வேறு மாதிரி இருக்கிறது. மலாயாவில் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி வந்தது. முதலாளிகள் கட்டிய தொகையிலிருந்து கப்பல் செலவு போனது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. ஏட்டளவிலாவது, ஒரு மாத முன்னறிவிப்போடு தோட்டத்தைவிட்டு விலகலாம் என்ற நிலை வந்தது. நடைமுறை வேறு என்பது நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். ஆனால் சொந்த மாநிலத்துக்குள்ளேயே மலையேறியவரை 1859ஆம் வருட ஒப்பந்த மீறல் சட்டம் பிடித்து வைத்திருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டால் அது கடன் பாக்கி இல்லை, குற்றம். சிறைக்கு அனுப்பலாம். அந்தச் சட்டம் 1925இல்தான் ரத்து செய்யப்பட்டது. அதாவது, நெல்லையிலிருந்து பினாங்குக்கு வந்தவரைவிட வால்பாறைக்குப் போனவர் சட்டப்படி இன்னும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

அடுத்தது காய்ச்சல். மலேரியாவுக்குத் தமிழில் மலைக்காய்ச்சல் என்றும் பெயர் உண்டு. காட்டை வெட்டினால் ஊர் சுத்தமாகும், நோய் குறையும் என்றுதான் துரைமார்கள் நம்பினார்கள். கிள்ளானில் 1901 முதல் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கண்டது வேறு. சமவெளிச் சதுப்பில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைந்தது. மலைத் தோட்டங்களில் வெட்டினால் கூடியது. அங்கே நோயைப் பரப்பிய கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடை வேண்டும். மரநிழல் போனதும் அதற்கு வசதியாகிவிட்டது. அதற்காகத்தான் அவர் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விடும் வேலையைத் தொடங்கினார். வடிகால் வேலை தெரிந்த யாருக்கும் அதன் அருமை புரியும். தென்னிந்திய மலைகளில் மலேரியாவைப் பரப்பியதும் இதேபோல் ஓடும் நீரில் வளரும் கொசுதான். வால்பாறைப் பக்கம் 'சின்கோனா' என்றொரு ஊர் இருக்கிறது. கொயினா மருந்து எடுக்கும் மரத்தை அரசாங்கம் அங்கே வளர்த்தது. ஊர்ப்பெயராக நிற்கும் அளவுக்கு அந்தக் காய்ச்சல் பெரிதாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் இலக்கியத்துக்குள் வந்தது ஒரு மருத்துவர் வழியாக. ஆனைமலைத் தோட்டங்களில் 1940களில் பணிக்குச் சேர்ந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' நாவலை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' ஆனது. 2013இல் பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை இந்த நாவல்தான். நாவலில் கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி மேஸ்திரியை நம்பி மலையேறுகிறார்கள். படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அடியும் உதையும் அல்ல, கணக்கு. வருடக் கடைசியில் கம்பளிக்கு, அரிசிக்கு, முன்பணத்துக்கு என்று கழித்துக் கழித்து, உழைத்தவன் கையில் மறுபடியும் கடனே மிஞ்சுகிறது. எங்க பாட்டி தோட்டத்துக் கடைக் கணக்கைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே கூட்டல் கழித்தல்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் நிர்வாகத்தின் கடமை ஆயின. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அரசின் டான்டீ தோட்டங்களில் வேலை கிடைத்தது. வால்பாறையிலும் டான்டீ உண்டு. கொள்ளுத்தாத்தா காலத்தில் நெல்லையைவிட்டுக் கண்டிக்குப் போன குடும்பம், மூன்று தலைமுறை கழித்துத் திரும்பி வந்தும் அதே கொழுந்து, அதே லயன் வீடு.

இந்த வீடு என்ற விஷயத்தில்தான் வால்பாறையும் நாமும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம். சட்டம் வீடு கொடுத்தது, ஆனால் வேலைக்குத்தான் கொடுத்தது, ஆளுக்கு அல்ல. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மலேசியாவில் 1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் தண்ணீர், மின்சாரம், தரம் பற்றிப் பேசியதே தவிர, சொந்த வீடு பற்றிப் பேசவில்லை. நூறு வருசம் ஓர் ஊரை உண்டாக்கியவர்களுக்கு அங்கே ஒரு மனையடி நிலம்கூட இல்லை.

அதன் முடிவு என்னவாகும் என்பதைத் திருநெல்வேலி மாவட்டத்தின் மாஞ்சோலை காட்டிவிட்டது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மலை. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இலேயே நிறுவனம் விருப்ப ஓய்வைக் கொடுத்து, தொழிலாளர்களை வீட்டைக் காலிசெய்யச் சொன்னது. நிலம் காட்டுக்குத் திரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள் எந்த ஊருக்குத் திரும்புவது?

வால்பாறை அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் மெலிந்துகொண்டிருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் சுமார் 95 ஆயிரம் பேர், 2011இல் சுமார் 71 ஆயிரம். இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்குகிறார்கள். கொழுந்து பறிக்க அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்கு அவர்கள்தான் அந்த மலையின் புதிய கருப்பன், வள்ளி.

இருப்பவர்கள் மலையோடு வாழக் கற்றிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். இருட்டில் யானை நிற்பது தெரியாமல் நடந்து போய் அடிபட்டுச் செத்தவர்கள் அங்கே பலர். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமார் குழுவினர் யானை இருக்கும் இடத்தைக் கேபிள் டிவியிலும் குறுஞ்செய்தியிலும் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். முக்கிய இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். பக்கத்தில் யானை இருந்தால் ஊர்க்காரர்களே கைப்பேசியில் அழைத்து விளக்கைப் போடுகிறார்கள். பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. ஊர்க்காரர்களை நம்பிக் கொடுத்ததால் வேலை செய்கிறது. தங்களுக்குச் சொந்தமில்லாத மண்ணை இவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் இவர்கள்.

கெலாங் பாத்தாவில் கதை இன்னும் வேகமாக முடிந்தது. 1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம், அடுத்து தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம், 2006இல் இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டம், 2012இல் லெகோலேண்ட். ரப்பரும் செம்பனையும் இருந்த இடங்களில் இப்போது நெடுஞ்சாலையும் கேட் போட்ட குடியிருப்புகளும். அந்த வளர்ச்சியில்தான் எனக்கும் வேலை கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் வால்பாறைக்கு ஒரு டேனியல் கிடைத்தார். ஒரு நாவல் இருப்பதால், கார்வர் மார்ஷின் சிலைக்குக் கீழே நிற்கும்போது கருப்பனையும் வள்ளியையும் சேர்த்து நினைக்க முடிகிறது. எங்கள் தோட்டங்களுக்குச் சிலையும் இல்லை, நாவலும் இல்லை.

பேர்ச்சீட்டு, சம்பளப் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடப் படம் என்று ஏதோ ஒன்று இன்னும் நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கும். கணக்குத் தெரிந்த கிழவிகள் சிலரும் இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன் நம்பர், எந்த வருசம் காலிசெய்யச் சொன்னார்கள், சாவியை யாரிடம் கொடுத்தார்கள். முதலில் இவ்வளவையாவது கேட்டு எழுதி வைப்போம்.