மலையகத்தில் அயடீன் சோதனை

அயடீன் சோதனை என்பது ஒரு பொருளில் மாப்பொருள் உண்டா என்று அறிய உதவும் எளிய சோதனை. மஞ்சட்கபில நிற அயடீன் கரைசல் மாப்பொருளில் பட்டதும் கருநீலமாகும். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் பாடசாலை விஞ்ஞானம், சமையலறை உப்பு, தேயிலைக் கவ்வாத்து (செடியைக் கத்தரித்தல்) ஆகிய மூன்றையும் இச்சோதனை இணைக்கிறது.

தோற்றம்

1811இல் பிரான்சில் பேர்னார்ட் கூர்ட்டுவா கடற்பாசிச் சாம்பலில் சல்பூரிக் அமிலத்தை மிகையாகச் சேர்த்தபோது ஊதா நிற ஆவி எழுந்தது; அதுவே அயடீன். மாப்பொருளோடு அது தரும் நீல நிறம் 1814இல் பதிவாயிற்று. நீரில் அரிதாகவே கரையும் அயடீனைப் பொட்டாசியம் அயடைட்டின் துணையுடன் கரைத்து 1829இல் பிரெஞ்சு மருத்துவர் லூகோல் தம் கரைசலை உருவாக்கினார். ஒளி பெற்ற இலையில் மாப்பொருள் உருவாவதை 1860களில் ஜேர்மன் தாவரவியலாளர் யூலியஸ் வொன் சக்ஸ் அயடீன் சோதனையைக் கொண்டே நிறுவினார். மாப்பொருளிலுள்ள அமைலோசு சுருள் வடிவானது. அச்சுருளுக்குள் அயடீன் அடங்குவதால் நிறம் மாறுகிறது.

பாடசாலைகளில்

தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழ், பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே இடைநிலை விஞ்ஞானக் கல்வி பரவ வழி பிறந்தது. ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலையிலும் செய்யக்கூடியது என்பதே இச்சோதனையின் பெருமை. உருளைக்கிழங்குத் துண்டு, சோறு, கோதுமை மா ரொட்டி ஆகியவற்றில் ஒரு துளி விட்டாலே போதும்.

இலைச் சோதனைக்குச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, பின் ஓர் இலையின் ஒரு பகுதியைக் கருந்தாளால் மூடி வெயிலில் விடுவர். இலையைக் கொதிநீரில் இட்டபின், அற்ககோலில் சூடாக்கிப் பச்சையத்தை நீக்கி, அயடீன் இட்டுப் பார்ப்பர். அற்ககோல் எளிதில் தீப்பற்றும். எனவே நேரடிச் சுவாலையில் சூடாக்காமல் வெந்நீருள்ள முகவைக்குள் வைத்தே சூடாக்க வேண்டும். மழையும் மூடுபனியும் நிறைந்த மாதங்களைவிட, வெயில் தெளிந்த ஆண்டுத் தொடக்க மாதங்கள் இதற்கு ஏற்றவை.

உப்பில்

அயடீன் குறைபாட்டால் கழுத்துக்கழலை வருவதைத் தடுக்க, 1995 முதல் இலங்கையில் உணவு உப்புக்கு அயடீன் ஊட்டுவது கட்டாயமாயிற்று. உப்பில் அது அயடேற்றாக இருப்பதால், உப்பைக் கஞ்சியில் போட்டால் மட்டும் நீலம் தோன்றாது. பொட்டாசியம் அயடைட்டும் சிறிது அமிலமும் சேர்ந்தால்தான் அயடீன் விடுபட்டு நிறம் தரும்.

கவ்வாத்தில்

மலையகத்தில் தேயிலையோடு இணைந்த பயன்பாடு இது. கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் செடி தன் இலைகளில் பெரும்பகுதியை இழக்கிறது. புதிய இலைகள் வரும்வரை வேரில் சேர்த்துவைத்த மாப்பொருளே அதற்கு உணவு. இருப்புக் குறைந்த செடியை வெட்டினால் கிளைகள் காயும். செடியே பட்டுப்போகவும் கூடும். ஆகவே கவ்வாத்துக்கு முன் பென்சில் பருமனான வேர்களை எடுத்துக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் தடவிப் பார்ப்பர். நன்கு கருத்தால் வெட்டலாம்; வெளிறியே இருந்தால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். 1925இல் தோன்றி, தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேயிலைச் செய்கை பற்றிய இத்தகைய அறிவின் மையமாகும்.

இலையில் ஒளியால் உருவாகும் உணவு வேரில் சேமிப்பாவதை இலைச் சோதனையும் வேர்ச் சோதனையும் சேர்ந்தே முழுமையாக விளக்குகின்றன. கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர்களின் பிள்ளைகளுக்கு இவை ஒரே பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டும். அப்போதுதான் பெற்றோரின் உழைப்பில் உள்ள விஞ்ஞானமும் அவர்களுக்குப் புலப்படும்.