லார்ட்ஸை விட்டு வெளியேறிய ஜான் வில்ஸ்

நம் வீட்டுச் சிறுவர்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுகையில் கையைத் தலைக்கு மேல் சுழற்றிப் பந்து போடுவதைக் காண்கிறோம். அது இவ்வாட்டத்துடன் பிறந்த வழக்கம் என்றே எண்ணியிருந்தோம். அன்று! ஆட்டத்தின் தாயகமாகிய இங்கிலாந்தில் பன்னெடுங்காலம் கையைத் தாழ்த்திப் பந்து போடுவதே முறையாக இருந்தது. ஹாம்பிள்டன் ஆட்டக்காரர் டாம் வாக்கர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கையைச் சற்றே உயர்த்திப் பார்த்தார், பெரியோர் தடுத்துவிட்டனர்.

அம்முயற்சியை மீண்டும் கையிலெடுத்தவர், 1778இல் பிறந்த கெண்ட் கௌண்டிக்காரர் ஜான் வில்ஸ். அவருடைய சகோதரி கிறிஸ்டினா அவருக்குப் பந்து போட்டுப் பழக்கியபோது, அகன்ற வளையப் பாவாடை தடுத்ததால் கையைப் பக்கவாட்டில் நீட்டி வீசினார் என்றும், அதைக் கண்டே வில்ஸ் கற்றார் என்றும் ஒரு கதை உண்டு. இனிய கதைதான். ஆயினும் அக்காலத்தில் அத்தகைய பாவாடை வழக்கொழிந்திருந்தது என்பதால் நாம் அதை முழுதும் நம்புவதற்கில்லை.

1807இல் பெனன்டன் ஹீத் திடலில், கெண்ட் அணி இங்கிலாந்து அணியை எதிர்த்தாடிய பந்தயத்தில் இம்முறை கையாளப்பட்டது. ஓட்டம் எடுப்பதற்கு அது பெருந்தடையாக இருந்ததென அன்றைய பத்திரிகையே எழுதிற்று. மட்டை பிடித்தவர்கள் இதனை விரும்புவார்களா? 1816இல் எம்.சி.சி. சங்கத்தார், கை முழங்கைக்குக் கீழே இருத்தல் வேண்டும் என விதி செய்தனர்.

வில்ஸ் அடங்கவில்லை. 1822ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், லார்ட்ஸ் மைதானத்தில் எம்.சி.சி.க்கு எதிராகக் கெண்ட் அணிக்குப் பந்து போட வந்தார். அப்போது அவருக்கு வயது 44. அம்பயர் நோவா மான் 'நோபால்' என்றார். வில்ஸ் பந்தை வீசியெறிந்துவிட்டு, குதிரையேறிச் சென்றுவிட்டார் என்பர். பெரும் பந்தயங்களில் அவர் பின்னர் ஆடவில்லை. அம்பயரைக் குறை கூறுதல் தகாது. எழுதிய விதியையே அவர் காத்தார். விதிதான் ஆட்டத்திற்குப் பின்தங்கி நின்றது.

சசெக்ஸ் வீரர்கள் வில்லியம் லில்லிவைட்டும் ஜேம்ஸ் பிராட்பிரிட்ஜும் அதே வழியில் நின்றனர். 1827இல் மூன்று பரீட்சைப் பந்தயங்கள் நடந்தன. 1828இல் முழங்கை உயரமும், 1835இல் தோள் உயரமும் அனுமதிக்கப்பட்டன.

விந்தை ஒன்று கேளீர். 1862இல் ஓவல் மைதானத்தில், கெண்ட் நாட்டு எட்கர் வில்ஷர் தோளுக்கு மேல் கையை உயர்த்தினார் என்று ஆறு முறை 'நோபால்' கூறிய அம்பயர் ஜான் லில்லிவைட், முன் சொன்ன வில்லியமின் மகனே! வில்ஷரும் திடலை விட்டு வெளியேறினார். ஆனால் மறுநாள் வேறொரு அம்பயர் நிற்க, ஆட்டம் தொடர்ந்தது. 1864இல் அத்தடையும் நீங்கிற்று.

வில்ஸ் 1852லேயே மறைந்துவிட்டார். சட்டன் வேலன்ஸ் ஊரில் உள்ள அவரது கல்லறைக் கல், அப்பந்துவீச்சு முறையைக் கொணர்ந்தவர் என்று அவரைக் குறிக்கிறது.