நள்ளிரவில் எழுப்பப்படுபவர்: விருந்தினர் அழைப்பின் வரலாறு

வாடகை வாங்கிக்கொண்டு வழிப்போக்கருக்கு இடம் கொடுக்கும் தொழிலில், இரவு விருந்தினர் அழைத்தால் எழுந்து வர வேண்டியவர் யார் என்பது பழைய சிக்கல்களுள் ஒன்று. இன்று அது தொலைபேசி மணியாக ஒலிப்பதால் புதிய தொல்லையாகத் தோன்றினாலும், கதவைத் தட்டிய காலத்திலும், கயிற்றை இழுத்து மணி அடித்த காலத்திலும் இதே கேள்வி எழுந்தது. அதற்குச் சட்டமும் வழக்கமும் கருவிகளும் மாறி மாறி விடை சொல்லி வந்துள்ளன. அவ்விடைகள் ஒவ்வொன்றும் உறக்கத்தை இழப்பவர் இவர் என்று யாரோ ஒருவரைச் சுட்டியிருக்கின்றன.

இங்கிலாந்தின் பொதுச்சட்டம், அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த மரபுச் சட்டம், இந்தப் பாரத்தை ஐயத்துக்கு இடமின்றி விடுதிக்காரர் மீதே சுமத்தியது. 1835இல் வேல்ஸ் எல்லையிலுள்ள செப்ஸ்டோ ஊரில், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவை ஒட்டி வந்து கதவைத் தட்டிய பயணி ஒருவர் தம் பெயரைச் சொல்ல மறுத்தார் என்பதற்காக அவருக்கு விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. அதன் மீது எழுந்த வழக்கு ‘இவன்ஸ் வழக்கு’ என்று சட்ட நூல்களில் வழங்குகிறது. வழக்கை விசாரித்த நீதிபதி கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் உடன்பிறந்தார் மகன். வீட்டார் உறங்கப் போய்விட்டனர் என்பதும், அன்று ஓய்வுநாள் என்பதும், வந்தவர் பெயர் சொல்லவில்லை என்பதும் இடம் மறுக்கப் போதிய காரணங்கள் ஆகா என்று அவர் முடிவு செய்தார். வந்தவர் குடிவெறியில் நடந்துகொண்டால் மறுக்கலாம். நேரம் கடந்துவிட்டது என்பதற்காக மறுக்க முடியாது. வழியில் இருட்டிவிட்டவனுக்கு இடம் கொடுப்பதற்காகவே விடுதி இருக்கிறது என்னும் கருத்து இத்தீர்ப்பின் அடியில் உள்ளது. அக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தக் கடமை, வருவோர் அனைவருக்கும் திறந்திருக்கும் விடுதியை நடத்துபவருக்கு மட்டுமே உரியது. தம் வீட்டில் ஓர் அறையை, தாம் தேர்ந்தெடுத்த ஆளுக்குத் தனி ஒப்பந்தத்தின்படி வாடகைக்கு விடுபவரைச் சட்டம் வேறாகவே கருதியது. இத்தகைய வீடுகளில் கதவு அடைக்கும் நேரத்தை வீட்டுக்காரரே வகுத்தார். வாசல் சாவியைக் குடியிருப்பவரிடம் கொடுப்பது ஒரு சலுகை. அச்சலுகைக்கு இருந்த மதிப்பு சிறிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாடகை அறையில் இருப்பவரை வாக்குரிமையுள்ள குடித்தனக்காரராகக் கொள்ளலாமா என்ற கேள்வி இங்கிலாந்து நீதிமன்றங்களுக்கு வந்தபோது, அவரிடம் வாசல் சாவி இருந்ததா என்பதும் ஆராயப்பட்டது. அதனால் அவ்வாறு வாக்குரிமை பெற்றோரை ‘வாசல்சாவி வாக்காளர்’ என்றே அழைத்தனர்.

வியன்னா நகரத்தில் இச்சிக்கல் வேறு வகையாகத் தீர்க்கப்பட்டது. அங்கே அடுக்குமாடி வீடுகளின் தெருக்கதவு இரவு பத்து மணிக்குப் பூட்டப்பட்டு விடியற்காலையில்தான் திறக்கப்படும். குடியிருப்பவர்களிடம் தெருக்கதவுச் சாவி கிடையாது. பிந்தி வருபவர் மணியை அடித்து, வீட்டுக் காவலரான ‘ஹவுஸ்மைஸ்டரை’ எழுப்பி, ‘ஷ்பெர்ஸெக்ஸர்ல்’ என்னும் சிறு காசைக் கொடுத்த பிறகே உள்ளே போக முடிந்தது. பூட்டு என்பதையும் ஒரு சில்லறை நாணயத்தின் செல்லப் பெயரையும் இணைத்து உருவான சொல் அது. குடியிருப்போர் இந்தக் கட்டணத்தை வெறுத்தனர். தாம் வாடகை கொடுக்கும் வீட்டுக்குள் நுழையவே மீண்டும் காசு கொடுக்க வேண்டுமா என்ற அவர்களின் மனக்குறை நியாயமானதே. ஆயினும் அந்த வழக்கத்தில் ஒரு தெளிவு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவருடைய உறக்கத்தைக் கலைப்பதற்கு விலை உண்டு என்பதை அது வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அந்த விலை, எழுந்து வந்தவர் கைக்கே நேராகச் சென்றது. 1922ஆம் ஆண்டின் சட்டம் குடியிருப்பவர்களுக்குச் சாவி பெறும் உரிமையைக் கொடுத்ததோடு அவ்வழக்கம் முடிந்தது.

பெரிய ஹோட்டல்கள் கண்ட தீர்வு, உறங்காத ஓர் ஆளை வேலைக்கு வைப்பது. 1829இல் பாஸ்டனில் திறக்கப்பட்ட ட்ரெமான்ட் ஹவுஸ், சுமார் 170 அறைகளும் ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டும் சாவியும் கொண்டிருந்தது. அங்கே விருந்தினர் அறையிலிருந்து அழைத்தால், எந்த அறையிலிருந்து அழைப்பு வந்தது என்பதை அலுவலகத்திலிருந்த அழைப்புப் பலகை காட்டும். அதைப் பார்த்து ஏவல் பையன் ஒருவன் மாடியேறுவான். விருந்தினர் அழைக்கிறார் என்பதை மட்டும் மணி சொல்லியது. எதற்கு அழைக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. ஆகவே தண்ணீர் கேட்டவருக்காகப் பையன் ஒருமுறை ஏறி, கேட்டுக்கொண்டு இறங்கி, தண்ணீரோடு மறுமுறை ஏற வேண்டியிருந்தது.

இந்த வீண் அலைச்சலைப் போக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கருவி ‘டெலிசீம்’. ஹெர்சாக் என்பவர் உருவாக்கிய இக்கருவி, கடிகார முகம் போன்ற வட்டத் தட்டில் விருந்தினர் கேட்கக்கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களையும் சேவைகளையும் எழுதி வைத்திருந்தது. முள்ளை வேண்டிய சொல்லின்மேல் திருப்பிப் பொத்தானை அழுத்தினால், கீழே அலுவலகத்தில் அதே குறிப்பு தெரியும். மருத்துவர் தேவையா, தேநீர் தேவையா என்பது, யாரும் படியேறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அவசரத்தையும் அவசரமின்மையையும் அழைப்பிலேயே பிரித்துக்காட்டிய இக்கருவியை, ஹோட்டல் வரலாற்று நூல்கள் ஒரு வேடிக்கைப் பொருளாகக் கருதி விரைந்து கடந்து செல்வது வருந்தத்தக்கது.

டெலிசீமை வழக்கொழியச் செய்தது தொலைபேசி. நியூயார்க்கின் ஹோட்டல் நெதர்லாந்து 1894இல் அறைகளில் தொலைபேசி வைத்தது. 1908இல் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் பஃபலோ நகரில் திறந்த 300 அறை ஹோட்டல், அறைதோறும் குளியலறையும் தொலைபேசியும் என்பதை நடுத்தர வருவாய் உள்ளவருக்கும் எட்டச் செய்தது. 1919இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட ஹோட்டல் பென்சில்வேனியாவில் 2,200 அறைகள் இருந்தன. அதன் தொலைபேசி எண்ணே 1940இல் க்ளென் மில்லர் இசைக்குழுவின் புகழ்பெற்ற பாடலுக்குத் தலைப்பாயிற்று. வாய்விட்டு எதையும் கேட்கலாம் என்றானபோது முள்ளும் தட்டும் தேவையற்றுப் போயின. ஆனால் ஒவ்வொரு அழைப்பையும் விழித்திருக்கும் ஒரு மனிதக் காது கேட்டாக வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. இணைப்புப் பலகையின் முன் அமர்ந்த ஆப்பரேட்டர்களும், பகற்கணக்கை முடித்தபடியே வரவேற்பு மேசையைக் காத்த இரவுக் கணக்கரும் அந்தக் காதுகளாக இருந்தனர். வெளியிலிருந்து வரும் அழைப்பை உறங்கும் விருந்தினருக்கு இணைக்காமல் செய்தியாகக் குறித்து வைப்பதும், விடியலில் அவரை எழுப்புவதும் அவர்கள் பணி. அழைப்பைத் தரம் பிரிக்கும் வேலையைக் கருவியிடமிருந்து மனிதர் ஏற்றுக்கொண்டார்; அவருக்கு அதற்கென ஊதியம் இருந்தது, பகலில் உறங்க நேரமும் இருந்தது.

இணைப்புப் பலகையில் அந்த மனிதரின் இடத்தைத் தானியங்கி இயந்திரம் பிடித்தபோது நேர்ந்த இழப்பு எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதை 2013இல் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகர நிகழ்வு காட்டியது. ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் 911 என்ற அவசர எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. வெளி அழைப்புக்கு முதலில் 9 என்ற எண்ணைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று அங்கிருந்த தொலைபேசி அமைக்கப்பட்டிருந்தது. தாய் உயிரிழந்தார். அவர் பெயரால் 2018இல் இயற்றப்பட்ட ‘காரி சட்டம்’, பல இணைப்புகள் கொண்ட புதிய தொலைபேசி அமைப்புகள் எந்த முன்னெண்ணும் இன்றி அவசர எண்ணை இணைக்க வேண்டும் என்றும், அவ்வாறு அழைப்பு சென்றதை முன்மேசை போன்ற ஓரிடத்துக்கும் அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது.

2008இல் தொடங்கிய ஏர்பிஎன்பி போன்ற இணையச் சேவைகள் வழியே வீட்டையோ அறையையோ சில நாள்களுக்கு வாடகைக்கு விடுபவர், இந்த நீண்ட வரலாற்றின் விசித்திரமான ஒரு முனையில் நிற்கிறார். பயணியை வரவேற்பதால் விடுதிக்காரரின் பணியும், சொந்த வீட்டைக் கொடுப்பதால் வீட்டுக்காரரின் உரிமையுணர்வும் அவரிடம் ஒருங்கே உள்ளன. ஆனால் வியன்னாக் காவலருக்குக் கிடைத்த காசும், ஹோட்டலின் இரவுக் கணக்கரும் அவருக்கு இல்லை. முன்பதிவு உறுதியானதும் அவருடைய சொந்தக் கைப்பேசி எண் விருந்தினரிடம் சென்றுவிடுகிறது. கதவின் பூட்டெண்ணை மறந்தவரின் அழைப்பும், குளியலறையில் வழுக்கி விழுந்தவரின் அழைப்பும் அதே மணியோசையில், அதே தலைமாட்டில் ஒலிக்கின்றன. அழைப்பைத் தரம் பிரிக்கும் கருவியும் இல்லை, ஆளும் இல்லை. உறங்கி எழுந்து மறுநாள் வேறு வேலைக்குச் செல்ல வேண்டிய ஒருவரே எல்லாமாக இருக்கிறார்.

எனவே வீட்டை வாடகைக்கு விடுபவர் பழைய ஹோட்டல்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவற்றின் இரவுப் பணியாளரையே. ஊதியம் கொடுத்து இன்னொருவரை இரவு அழைப்புக்கு அமர்த்த முடிந்தவர் அவ்வாறே செய்யட்டும். அதற்கு வசதியில்லாதவர், பூட்டெண்ணை விருந்தினருக்குச் செய்தியாக அனுப்பி, தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் இருக்குமிடத்தையும் மருத்துவமனை எண்ணையும் தாளில் எழுதி அறையில் ஒட்டி, எந்த மணிக்குப் பிறகு எதற்காக மட்டும் தம்மை எழுப்பலாம் என்பதை விருந்தினர் பணம் செலுத்துவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.