தொற்றுநோய்ச் சிறப்பு மருத்துவப் பயிற்சி

பொது மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற வைத்தியர்கள், பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி ஆகியவற்றால் விளையும் வியாதிகளை நிர்ணயிப்பதிலும், அவற்றுக்குச் சிகிச்சை செய்வதிலும், ஆஸ்பத்திரிக்குள் அவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவாமல் காப்பதிலும் விசேஷத் தேர்ச்சி அடையும் பொருட்டு மேற்கொள்ளும் உயர்கல்வி இது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து 5½ ஆண்டும், எம்.டி. பட்டத்துக்கு 3 ஆண்டும் செலவிட்டவர், நுழைவுத் தேர்வில் தேறி, மேலும் 3 ஆண்டு டி.எம். பயில வேண்டும். தில்லி எய்ம்ஸும் வேலூர் சி.எம்.சி.யும் இப்படிப்புக்குப் பேர்பெற்றவை. அமெரிக்காவில் மூன்றாண்டுப் பொது மருத்துவப் பயிற்சிக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு இதற்கென ஒதுக்கப்படுகிறது.

கிருமிகளைப் பற்றிய சாஸ்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உருப்பெற்றுவிட்டது எனினும், அதனை நோயாளியின் படுக்கையருகில் பிரயோகிக்கும் வைத்தியர் தனி வகுப்பினராக எழுந்தது ஆண்டிபயாடிக் மருந்துகள் பெருகிய பிறகுதான். மருந்து ஒன்றாக இருந்தவரை யோசனைக்கு இடமில்லை, பலவாகிய பின்னரே தெரிந்தெடுக்கும் விவேகம் தேவையாயிற்று. பாஸ்டன் நகர மருத்துவமனையில் மாக்ஸ்வெல் ஃபின்லாந்திடம் பயின்ற இளைஞர் பலர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இத்துறையை வேரூன்றச் செய்தனர். 1963இல் அந்நாட்டுத் தொற்றுநோய்ச் சங்கம் தோன்றியபோது ஃபின்லாந்தே முதல் தலைவரானார். மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, 101 டிகிரியைப் பலமுறை தாண்டி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பரிசோதித்தும் காரணம் புலப்படாத ஜுரத்துக்கு, 1961இல் பால் பீசனுடன் சேர்ந்து இலக்கணம் வகுத்த ராபர்ட் பீட்டர்ஸ்டார்ஃபே, 1978இல், அப்போது பயிற்சி முடித்து வந்த முந்நூற்றுச் சொச்சம் நிபுணர்கள் தேவைக்கு மிஞ்சியவர்கள் என்று எழுதினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தடுப்பூசியும் பெனிசிலினும் நிகழ்த்திய அற்புதங்களைக் கண்ணாரக் கண்ட தலைமுறைக்கு அவ்வாறுதான் தோன்றியிருக்கும். மூன்றாண்டு கழித்து, 1981 ஜூன் மாதத்தில், எய்ட்ஸ் நோயின் முதல் விவரங்கள் அச்சேறின.

இந்தியாவில் இத்துறை தாமதமாகவே வந்தது. டைபாய்டும் மலேரியாவும் காசநோயும் அன்றாடம் பார்க்கும் நாட்டில், அவற்றுக்கெனத் தனி நிபுணர் எதற்கு என்ற எண்ணம் வைத்தியர்களிடையே நெடுங்காலம் நிலவியது. அதனை மாற்றும் நிகழ்ச்சிகள் பின்னர் வந்தன. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு, எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. இந்நாட்டிலும் இருப்பது முதன்முறையாக நிரூபணமாயிற்று. உறுப்பு மாற்று அறுவையும் புற்றுநோய் மருந்துகளும் பெருகி, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் தொகை வளர்ந்தது. எம்மருந்துக்கும் அடங்காத கிருமிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குடியேறின. 2012இல் மருத்துவச் சங்கங்கள் பல கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், ஆண்டிபயாடிக் மருந்துகளைக் கண்டபடி உபயோகிப்பதைத் தடுக்க ஒரு தேசியத் திட்டம் வேண்டும் என்று வற்புறுத்தியது.

பயிற்சியில் இருப்பவர் பெரும்பாலும் பிறர் வார்டுகளில் இருக்கும் நோயாளிகளையே பார்க்கிறார். எலும்பு வைத்தியரோ, இருதய வைத்தியரோ, சிறுநீரக வைத்தியரோ ஜுரம் தணியவில்லை என்று ஆலோசனை கேட்டு அனுப்பும்போது, அவர் சென்று முதலில் செய்வது விசாரணை: எந்த ஊர், என்ன தொழில், வீட்டில் ஆடு மாடு உண்டா, காய்ச்சாத பால் குடித்ததுண்டா, அண்மையில் எங்கே பிரயாணம் செய்தார், இதற்கு முன் என்ன மாத்திரை யார் கொடுத்தார். பிறகு தேகம் முழுவதையும் பார்க்க வேண்டும். இதன் அருமை உண்ணிக் காய்ச்சல் என வழங்கும் ஸ்க்ரப் டைபஸில் நன்கு விளங்கும். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணியின் இளம்பருவம் கடித்த இடத்தில், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மார்பின் கீழோ, வலியற்ற ஒரு கரும்பொருக்கு தோன்றும். நோயாளிக்கே அது தெரிந்திராது. ஆடையை விலக்கித் தேடுபவர் கண்ணுக்கு அது அகப்பட்டால், இரத்தப் பரிசோதனையின் முடிவு வருமுன்பே, விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் தொடங்கலாம். ஜுரம் பெரும்பாலும் 2 நாளில் இறங்கிவிடும். தேடாதவர் விலையுயர்ந்த ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்க, நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகக் கூடும். இந்நோயின் கடுமையான நிலையில் டாக்ஸிசைக்ளினுடன் அஸித்ரோமைசினைச் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட மேலானது என்று, வேலூர் மருத்துவர்களின் தலைமையில் நடந்த ஆராய்ச்சி 2023இல் நிலைநாட்டியது.

பயிற்சியின் மற்றொரு பகுதி ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. கல்ச்சர் எனும் வளர்ப்புச் சோதனையில் கிருமி வளர்ந்தது என்றால் அது நோய்க்குக் காரணமா, தோலிலிருந்து தவறிக் கலந்ததா என்று பகுத்தறியக் கற்பதற்கு மாதக்கணக்கில் நுண்ணுயிரியலாளர் பக்கத்தில் அமர வேண்டியிருக்கிறது. எல்லாவற்றினும் கடினமான பாடம் மருந்தை நிறுத்துவது. அச்சத்தால் தொடங்கிய மூன்று ஊசிகளை, கல்ச்சர் முடிவு கண்டதும் ஒன்றாகக் குறைக்கும்படி, தம்மினும் மூத்த அறுவை வைத்தியரிடம் பணிவோடும் உறுதியோடும் எடுத்துரைக்கும் தைரியம் எந்தப் பாடநூலிலிருந்தும் வருவதில்லை. ஆசிரியர் அவ்வாறு பேசுவதை வார்டில் பலமுறை அருகிருந்து கேட்டே அது கைவருகிறது.

அறுவையோ உடலுக்குள் குழாய் செலுத்தும் சோதனையோ செய்யாத துறையாதலின் இதில் வருமானம் குறைவு. அமெரிக்காவிலேயே அண்மை ஆண்டுகளில் பயிற்சி இடங்கள் பல நிரம்பாமல் நின்றன. இந்தியாவில் தேர்ச்சி பெற்றவர் பெரும்பாலும் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் அமர்கின்றனர். உண்ணிக் காய்ச்சலும் எலிக் காய்ச்சலும் மிகுந்து காணும் கிராமத்தாருக்கு அண்மையிலுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இவர்களுக்கென நிரந்தரப் பதவிகள் ஏற்படுத்துவது அரசுகள் உடனடியாகச் செய்ய வேண்டிய காரியம்.