ஆலை மீட்டரும் நம் வீட்டு மீட்டரும்



வீட்டுக் கரண்ட் பில் ஏறினால் நம் குடியிருப்பில் ஒரு வாரம் அதே பேச்சுதான். தொழிற்சாலைகள் கட்டும் பில்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே பேரேட்டில் வருபவை. ஓரிடத்தில் குறைத்தால் இன்னோரிடத்தில் ஏற்ற வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே தொழில் என்றால் பஞ்சாலைதான். பெரியவர்கள் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலையின் தொடக்கம் 1898. அந்த நாளில் ஆலைகள் நீராவியில் ஓடின. முதலாளி எரிபொருள் வாங்கி, கொதிகலன் வைத்து, தன் விசையைத் தானே உண்டாக்கிக்கொண்டார். அந்தச் செலவு ஆலைக் கணக்கோடு முடிந்தது, ஊர் மேல் ஏறவில்லை.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதே 1962-ல்தான் சோவியத் உதவியுடன் கட்டிய நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. இந்தப் பொருத்தத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பின்னாளில் நெய்வேலி, ராமகுண்டம், கல்பாக்கம் போன்ற மத்திய நிலையங்களில் நமக்கென்று பங்கு ஒதுக்கப்பட்டது. நிலக்கரியோ அணையோ இல்லாத ஊருக்கு அது பெரிய கொடுப்பினை. இன்றும் நாம் பயன்படுத்துவதில் பெரும்பகுதி விலைக்கு வாங்கியதுதான். நம் அரசின் சொந்த நிலையம் காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் 2000-ல் வந்த எரிவாயு நிலையம் ஒன்றே. அதன் திறன் வெறும் 32.5 மெகாவாட்.

1974-ல் பிப்டிக் தொடங்கியது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்று தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. வெளியூர்க்காரர்கள் வரிச் சலுகைக்கும் மலிவான மின்சாரத்துக்கும் வந்தார்கள். காலாப்பட்டில் 1985-ல் காஸ்டிக் சோடா ஆலை வந்தது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் காஸ்டிக் சோடாவைப் பிரிக்கிறார்கள், ஆகவே அங்கே மின்சாரமும் உப்பைப் போல ஒரு மூலப்பொருள். பழைய இரும்பை உருக்கும் உலைகளுக்கும் ஏறக்குறைய அதே நிலைமை. யூனிட்டுக்கு ஐம்பது காசு ஏறினால் நமக்கு முணுமுணுப்பு. அவர்களுக்கு அந்த மாத லாபமே போய்விடும்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்தில் சிறுதொழில் கோப்புகள் பல பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் யூனிட் விலையை மட்டும் கணக்கிட்டு வருவார்கள். உயரழுத்த இணைப்பில் டிமாண்ட் கட்டணம் என்று ஒன்று தனியாக உண்டு. இத்தனை கே.வி.ஏ. வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டால், ஆர்டர் இல்லாமல் இயந்திரம் சும்மா நின்றாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். கடையைப் பூட்டினாலும் வாடகை ஓடுகிற மாதிரிதான்.

நம் மின்சாரத்தின் அருமை 2008-க்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நவம்பரில் தமிழ்நாட்டில் ஆலைகளுக்கு மின் கட்டுப்பாடு வந்தது. 2012-ல் அங்கே பல ஊர்களில் பாதி நாள் மின்சாரம் இல்லை. கோட்டக்குப்பத்தில் இருட்டு, இரண்டு தெரு தள்ளி முத்தியால்பேட்டையில் வெளிச்சம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். அன்று லிட்டர் நாற்பது ரூபாய்க்கு மேல், அதனால் யூனிட் பன்னிரண்டு ரூபாயைத் தாண்டும். எல்லைக்கு அப்பால் பல பட்டறைகள் அந்த விலையில்தான் ஓடின.

இப்போது கட்டணத்தை முடிவு செய்வது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வாங்கும் விலை, கம்பியில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். நம் வீட்டின் முதல் நூறு யூனிட்டுக்கு அடக்கவிலையை விடக் குறைவாக வாங்குகிறார்கள். அந்தத் துண்டின் ஒரு பகுதி ஆலைகள், கடைகளின் பில்லில் ஏறுகிறது, மீதியை அரசு சுமக்கிறது. ஆலை ஒன்று கதவை மூடினால் அதன் பங்கு யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

2020 மே மாதம் யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாருக்கு விடப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. 2022 செப்டம்பர் இறுதியில் நம் மின்துறை ஊழியர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததும் ஊர் பட்டபாடும் நினைவிருக்கும். தனியார் வந்தால் இந்தக் குறுக்கு மானியத்தை என்ன செய்வார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதைக் கேட்க இடமும் இருக்கிறது. கட்டணத்தை மாற்றும் முன் ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது, ஆட்சேபணையை எழுத்திலும் தரலாம். அடுத்த அறிவிப்பு வந்ததும் சங்கத்தின் சார்பில் ஒரு மனு எழுத நான் தயார். கையெழுத்துப் போட நீங்கள் வாருங்கள்.